டி.சி.பி.டம்ப் காட்டும் பாக்கெட் வேறு, கம்பியில் போகும் பாக்கெட் வேறு

நெட்வொர்க்கில் போய்வரும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டி.சி.பி.டம்ப்பை முதன்முதலில் ஓட்டிய இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குப் பெரிய ஃபைல் ஒன்றை அனுப்பிக்கொண்டிருந்தேன். வேகம் போதவில்லை. என்னதான் நடக்கிறது என்று பார்த்தால், போகிற பாக்கெட் ஒவ்வொன்றிலும் 'செக்சம் இன்கரெக்ட்', அதாவது பாக்கெட் சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கும் கூட்டல் எண் தப்பு. போதாக்குறைக்கு ஒரு வரியில் நீளம் 14480 என்று இருந்தது. ஈத்தர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட்டைத் தாண்டாது என்றுதான் படித்திருந்தேன். கேபிள் போய்விட்டது என்று நினைத்து மாற்றினேன். அதே வரிகள். இன்னொரு கேபிள் போட்டேன். அதே வரிகள்.

கேபிள் நன்றாகத்தான் இருந்தது. நான் பார்த்தவை கம்பியில் போன பாக்கெட்டுகளே அல்ல.

டி.சி.பி.டம்ப் பாக்கெட்டைப் பிடிக்கும் இடம் கெர்னலுக்கு (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) உள்ளே, நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் கைக்குப் போவதற்குச் சற்று முன்னால். அதன் பிறகும் அந்தப் பாக்கெட்டில் வேலை பாக்கி இருக்கிறது. அதைக் கார்டே செய்துகொள்கிறது. சி.பி.யு. செய்ய வேண்டிய வேலையைக் கார்டிடம் தள்ளிவிடும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் ஆஃப்லோடு என்று பெயர்.

ஏன் தள்ள வேண்டும்? 10 கிகாபிட் இணைப்பை முழு அளவுப் பாக்கெட்டுகளால் நிரப்பினால் நொடிக்குச் சுமார் 8,12,000 பாக்கெட் போகும். ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் 1.2 மைக்ரோநொடி. அதற்குள் போகும் வழி பார்த்து, ஃபயர்வால் விதிகளைக் கடந்து, ஹெட்டர் எழுதி முடிக்க வேண்டும். அதனால் கெர்னல் கிட்டத்தட்ட 64 கிலோபைட் வரை ஒரே மூட்டையாகக் கட்டி, இந்தப் பாதை முழுவதையும் ஒரே தடவை கடக்க வைக்கிறது. கார்டு அதை வாங்கி வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஹெட்டரும் சரியான வரிசை எண்ணும் போட்டு அனுப்புகிறது. இதுதான் டி.எஸ்.ஓ. 1500 பைட்டில் ஐ.பி. ஹெட்டருக்கு 20, டி.சி.பி. ஹெட்டருக்கு 20, டைம்ஸ்டாம்ப்புக்கு 12 கழித்தால் மிச்சம் 1448. நான் பார்த்த 14480, இன்னும் வெட்டப்படாத பத்துத் துண்டுகள்.

செக்சம் கதையும் இதேதான். முகவரிகள், புரோட்டோகால் எண், நீளம் இவற்றின் கூட்டலை மட்டும் கெர்னல் அந்த இடத்தில் எழுதிவைக்கிறது. மீதிக் கூட்டலைக் கார்டு முடிக்கும். நடுவில் எட்டிப் பார்க்கும் டி.சி.பி.டம்ப்புக்கு அது தப்பாகத்தானே தெரியும்? அதே பாக்கெட்டை வாங்கும் மெஷினில் பிடித்துப் பாருங்கள், சரியாக இருக்கும். ஒரே ஹோஸ்டில் ஓடும் இரண்டு விர்ச்சுவல் மெஷின்களுக்கு இடையில் மட்டும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். அங்கே பாக்கெட் எந்தக் கார்டையும் தொடாமலே போய்ச்சேரலாம்.

சரி, எது கார்டிடம் இருக்கிறது, எது கெர்னலிடம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? லினக்ஸில் 'ஈத்டூல்' கமாண்டுடன் ஆங்கிலச் சின்ன எழுத்து 'கே'வும் கார்டின் பெயரும் கொடுத்தால் போதும். பட்டியல் நீளமாக வரும், ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'ஆன்' அல்லது 'ஆஃப்'. பக்கத்தில் 'ஃபிக்ஸ்டு' என்று இருந்தால் அதை உங்களால் மாற்ற முடியாது. விண்டோஸில் பவர்ஷெல்லின் 'கெட்-நெட்அடாப்டர்-எல்.எஸ்.ஓ.' இந்த வெட்டும் வேலை கார்டிடம் இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும்; டி.எஸ்.ஓ.வுக்கு அங்கே எல்.எஸ்.ஓ. என்று பெயர்.

அந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தவை ஜி.எஸ்.ஓ.வும் ஜி.ஆர்.ஓ.வும். இரண்டையும் கெர்னலுக்குக் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஷு. முதலாவது 2006-இல், இரண்டாவது 2009-இல். கார்டுக்கு வெட்டத் தெரியாவிட்டாலும் மூட்டையைக் கடைசி நிமிடம் வரை பிரிக்காமல் வைத்திருப்பது ஜி.எஸ்.ஓ. வரும் பாக்கெட்டுகளை ஒன்றாகச் சேர்த்து மேலே அனுப்புவது ஜி.ஆர்.ஓ. இதற்கு முன்பே எல்.ஆர்.ஓ. என்று ஒன்று இருந்தது. அது சேர்க்கும்போது ஹெட்டர் விவரங்களைத் தொலைத்துவிடும், திரும்பப் பிரிக்க முடியாது. பாக்கெட்டை அடுத்தவருக்குக் கைமாற்றும் ரூட்டருக்கு இது ஆகவே ஆகாது. அதனால் ஃபார்வர்டிங்கை இயக்கினால் கெர்னலே எல்.ஆர்.ஓ.வை அணைத்துவிடும். ஜி.ஆர்.ஓ. கறாரானது: பழையபடி பிரிக்க முடியும் என்றால்தான் சேர்க்கும்.

டி.சி.பி. முழுவதையும் கார்டுக்குள் வைக்கும் யோசனையும் வந்தது. லினக்ஸ் கெர்னல் அதை ஏற்கவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கார்டின் ஃபர்ம்வேரில் பாதுகாப்பு ஓட்டை விழுந்தால், தயாரித்தவர் மனசு வைத்தால்தான் அடைக்க முடியும்.

இந்த ஆஃப்லோடுகளை மாற்றிப் பார்க்க அதே ஈத்டூல் கமாண்டில் பெரிய எழுத்து 'கே', நிர்வாகி (ரூட்) உரிமையோடு. டி.எஸ்.ஓ.வை அணைத்துவிட்டு மறுபடி டி.சி.பி.டம்ப் ஓட்டினால், இன்றைய கெர்னல்களில் 14480 போய் 1448 வரும். அனுப்பும் பக்கத்துச் செக்சத்தை அணைத்தால் டி.எஸ்.ஓ.வும் கூடவே அணையும். வெட்டிய துண்டுக்குக் கூட்டல் போடாமல் கார்டு எப்படி அனுப்பும்? ஈத்டூலும் அதைத் திரையில் சொல்லிவிடும். எல்லாம் ரீபூட் வரைக்கும்தான். வேகம் குறைந்தவுடன் எல்லாவற்றையும் மொத்தமாக அணைத்துவிடாதீர்கள். முதலில் பட்டியலை ஒரு ஃபைலில் சேமியுங்கள், பிறகு ஒவ்வொன்றாக.

அன்று பிடித்துவைத்ததை மறுநாள் காலையில் நிதானமாகப் படித்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த வரிகள் சிலவற்றில் 'வின் 0' என்று இருந்தது. எனக்கு இடமில்லை, கொஞ்சம் நிறுத்து என்று வாங்கும் மெஷின் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் டிஸ்க்கால் அந்த வேகத்தில் எழுத முடியவில்லை.