அரிவாள்மனையை ஒளித்து வைக்கும் தாய்மார்கள்

கோபிச்செட்டிபாளையத்தை அடுத்த ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து சென்ற வாரம் ஓர் இளம் தாயை என்னிடம் சிகிச்சைக்கு அழைத்து வந்தார்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். தலைப்பிரசவம் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. காய் நறுக்க உட்காரும்போதெல்லாம் ‘இந்தக் கத்தியால் குழந்தையைக் குத்திவிடுவோமோ’ என்ற எண்ணம் அவருக்குள் மின்னல்போல் வெட்டிப் போகிறது. அந்த அச்சத்தில் அரிவாள்மனையையும் கத்திகளையும் மாட்டுக் கொட்டகையில் ஒளித்து வைத்திருக்கிறார். குழந்தையைக் குளிப்பாட்டுவதையும் நிறுத்திவிட்டார். குடும்பத்தார் கோயிலில் பூவாக்குக் கேட்டார்கள், கயிறு கட்டினார்கள், கடைசியில் குழந்தையைத் தூக்கிச் சென்று நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டார்கள். “இவகிட்ட உட்டா என்னைக்காச்சும் செஞ்சு போடுவாளுங்க” என்றார் மாமியார்.

இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர் ஐந்தாமவர். ஐந்து வீடுகளிலும் இதே வாக்கியத்தைக் கேட்டுவிட்டேன்.

மனத்தில் தோன்றியதாலேயே ஒருவர் அதை விரும்புகிறார், விரும்புவதால் ஒருநாள் செய்துவிடுவார் என்ற இந்தக் கணக்கை உடைப்பதில் பெரும்பங்கு ஆற்றியவர் ஸ்டான்லி ராக்மன் என்ற மருத்துவ உளவியலாளர். 1934இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, லண்டனில் ஆய்வு செய்து, பின்னர் கனடாவின் வான்கூவரில் பணியாற்றி, 2021இல் மறைந்தவர். இலங்கையிலிருந்து சென்ற பத்மால் டி சில்வாவுடன் சேர்ந்து 1978இல் அவர் வெளியிட்ட ஆய்வு, நோய் எதுவும் இல்லாத சாதாரண மனிதர்களிடம் போய், வேண்டாத, அருவருப்பான எண்ணங்கள் உங்களுக்கு வருவதுண்டா என்று நேரடியாகக் கேட்டது. ஐந்தில் நான்கு பேர் உண்டு என்றார்கள். அன்புக்குரியவரைத் தாக்குவது, ஓடும் வண்டியின் முன் ஒருவரைத் தள்ளுவது போன்ற எண்ணங்கள் அவை. நோயாளிகளின் எண்ணங்களையும் இவர்களுடையவற்றையும் கலந்து கொடுத்தபோது, எவை யாருடையவை என்று அனுபவமுள்ள மருத்துவர்களாலும் தெளிவாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ராக்மனின் மாணவர் ஆடம் ரடோம்ஸ்கி முதலானோர் 13 நாடுகளில் 777 மாணவர்களிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய மூன்று மாதங்களில் வேண்டாத எண்ணம் ஒன்றேனும் வந்ததாகச் சொன்னவர்கள் 94 விழுக்காடு. அப்படியானால் அந்த மாமியாருக்கும் வந்திருக்கும், எனக்கும் வந்திருக்கிறது. நாங்கள் அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த வேலைக்குப் போய்விட்டோம், அந்தப் பெண்ணால் போக முடியவில்லை.

அந்த ‘போக முடியாமை’யை 1997இல் எழுதிய கட்டுரையில் ராக்மன் விளக்கினார். வந்த எண்ணத்துக்குத் தன் குணத்தைப் பற்றிய பயங்கரமான பொருளை ஒருவர் ஏற்றும்போதுதான் அது ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயாக முற்றுகிறது. குழந்தையின் மேல் உயிரையே வைத்திருக்கும் தாய்தான் ‘இப்படி நினைத்த நான் எப்பேர்ப்பட்டவள்’ என்று நடுங்குவார். பிறகு அந்த எண்ணத்தை விரட்டப் பார்ப்பார். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொல்லி வளர்ந்த நமக்கு, விரட்டினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கத்தியை ஒளிப்பது, “நான் ஒன்னும் பண்ணமாட்டேன்ல?” என்று நாளுக்கு இருபது முறை கேட்பது, குடும்பமே சேர்ந்து “மாட்டே கண்ணு” என்று பதில் சொல்வது ஆகிய எல்லாமே நோய்க்குத் தீனி. குழந்தையைப் பிரிப்பது அவற்றினும் கொடிது. அவர் பயந்ததே உண்மை என்று வீடே முத்திரை குத்திவிடுகிறது. அச்சமூட்டும் சூழலைப் படிப்படியாக எதிர்கொண்டு, தப்பிக்கும் செயல்களைக் கைவிடப் பழக்குவதே சிகிச்சை. தேவைப்பட்டால் தாய்ப்பால் கொடுப்பதைக் கருத்தில் கொண்டு மனநல மருத்துவர் மாத்திரையும் தருவார். மாத்திரையைப் பக்கத்து வீட்டார் சொல் கேட்டுப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பக்கூடாது. பிரசவித்த பெண் நாள்கணக்கில் தூக்கமே தேவைப்படாமல் இருந்தாலோ, காதில் குரல் கேட்கிறது என்றாலோ, குழந்தை தன்னுடையது அல்ல என்றோ அதற்குத் தீய சக்தி பிடித்திருக்கிறது என்றோ உறுதியாக நம்பினாலோ, அது வேறு நோய், அவசர நிலை. அப்போது தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், அமாவாசைக்காகக் காத்திருக்காதீர்கள். எது எந்த நிலை என்பதை நீங்களே முடிவு செய்யவும் வேண்டாம். உடனே யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

தடுப்பூசிக்கு வரும் தாயிடம் குழந்தையின் எடையைக் கேட்கும் செவிலியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். “வேண்டாத நினைப்பு ஏதாவது வந்து பயமுறுத்துதா அம்மணி? நிறையப் பேருக்கு வரும்” என்று தனியாக அழைத்துக் கேளுங்கள். இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் அவர்கள் வாய் திறக்கிறார்கள்.

குழந்தை இன்னும் நாத்தனார் வீட்டில்தான் இருக்கிறது. வரும் வியாழக்கிழமை மாமியாரையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.