‘ரோசாக்’ அட்டைக்குப் பின்னால்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பள்ளி விடுமுறையில், கோலாலம்பூரில் நான் வேலை செய்யும் அறிவியல் கூடத்தில் ஒரு கைப்பிடி காணாமல் போனது. கையால் சுற்றினால் விளக்கு எரியுமே, அந்தக் கருவியின் கைப்பிடி. சாயங்காலம் கூடத்தை மூடிய பிறகு நாங்கள் மூன்று பேர் அரை மணி நேரம் தேடினோம். கடைசியில் அது தீயணைப்புக் குழாய்ப் பெட்டிக்குள், சுருட்டி வைத்த குழாய்க்கு நடுவே செருகியிருந்தது. ஏதோ ஒரு பிள்ளை வேகமாகச் சுற்றியிருக்கும், கையோடு கழன்று வந்திருக்கும், பயந்துபோய் ஒளித்து வைத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் அந்தப் பெட்டியின் தாழ்ப்பாளைப் பார்த்தேன். என் தோள் உயரத்தில் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு எட்டாது.

ஒளித்தது ஒரு பெரியவர்.

எனக்கு அவர் மேல் கோபமில்லை. அபராதம் கட்டச் சொல்வார்கள், எல்லார் முன்னாலும் பிள்ளையைத் திட்டுவார்கள் என்று நினைத்திருப்பார். ஆனால் கைப்பிடி போன இடத்தில் ஒரு இரும்புத் தண்டு மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது, சின்னப் பிள்ளையின் கண் உயரத்துக்கு. நாங்கள் பார்க்கும்வரை எத்தனை பிள்ளைகள் அதன் பக்கத்தில் ஓடியிருப்பார்கள் என்று அன்று ராத்திரி யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். கருவி பழுதானால் எங்களிடம் சொல்லுங்கள் என்பதுதான் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நான் சொல்ல வருவது. அதைச் சும்மா சொன்னால் யாரும் கேட்பதில்லை, அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அந்தக் கைப்பிடி. அதையும் தண்டையும் இணைப்பது குறுக்கே போகும் ஒரு சின்னப் பித்தளைப் பின். ஷியர் பின் என்போம். யாராவது மூர்க்கமாகச் சுற்றினால், அல்லது ஒரு பிள்ளை முன்னாலும் இன்னொரு பிள்ளை பின்னாலும் இழுத்தால், முதலில் உடையவேண்டியதே அந்தப் பின்தான். அதற்காகவே மெல்லியதாகப் போட்டிருக்கிறோம். அது உடையாவிட்டால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் போகும், மின்சாரம் உண்டாக்கும் மோட்டார் போகும், ஒரு வாரம் கருவி படுத்துவிடும். அந்தப் பின்னின் விலை சில்லறைக் காசு, மாற்ற ஐந்து நிமிடம். ஆக அன்று அந்தக் குடும்பம் உடைத்தது, உடையட்டும் என்று நாங்களே வைத்ததை. தப்பு எங்கள் பக்கமும் இருந்தது: பின் உடைந்தால் கைப்பிடி சும்மா சுழலவேண்டுமே தவிர கழன்று வரக்கூடாது. அடுத்த வாரமே தண்டின் முனையில் ஒரு வளையம் போட்டுத் தடுத்தோம். அந்த மனுசர் கைப்பிடியைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால் இது எங்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

தொட்டுப் பார்க்கும் அறிவியல் கூடங்கள் நம் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். புக்கிட் கியாராவில் 1996இல் திறந்த தேசிய அறிவியல் மையம், கேஎல்சிசியில் 1999 முதல் இருக்கும் பெட்ரோசைன்ஸ், பினாங்கு கொம்தாரில் 2016இல் வந்த டெக் டோம் எல்லாம் உங்கள் பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் போய்வந்த இடங்களாக இருக்கும். டிக்கெட் கொடுப்பவரையும், சட்டையில் பெயர் குத்திக்கொண்டு நிற்கும் இளைஞரையும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள்தான் அதிகம்: வெல்டர், தச்சர், எலக்ட்ரானிக்ஸ் ஆள், கணினி நிரல் எழுதுபவர், விளக்கப் பலகை எழுதுபவர், விடியற்காலையில் துடைக்கவரும் அக்காமார்கள்.

துடைக்கும் அக்காவைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். எங்களிடம் ஒருவர் செந்தூலிலிருந்து முதல் ரயில் பிடித்து வருவார், நான் பசியாறிவிட்டு உள்ளே நுழையும்போது அவர் பாதிக் கூடத்தை முடித்திருப்பார். கண்ணாடி மாதிரி தெரியும் மூடிகளில் பெரும்பாலானவை கண்ணாடி இல்லை, அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். சாதாரணக் கண்ணாடி துடைக்கும் திரவத்தில் அமோனியாவோ ஆல்கஹாலோ இருக்கும், அது பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை மாதிரி விரிசல் ஓடும், நாளடைவில் புகை படிந்ததுபோல் மங்கிவிடும். நாங்களும் இப்படி இரண்டு மூடிகளைப் பாழாக்கித்தான் கற்றுக்கொண்டோம். இப்போது மிதமான சவர்க்காரத் தண்ணீர், மெல்லிய துணி, அவ்வளவுதான்.

அவர் ஒருநாள் என்னிடம் வந்து, “தம்பி, அந்த மூலையில இருக்கிற பெட்டியைத் துடைக்க ஒண்ணுமே இல்லப்பா, நாலு நாளா சுத்தமாவே இருக்கு” என்றார். எனக்குச் சுருக்கென்றது. பல மாதம் உழைத்துச் செய்த கருவி அது. விரல் ரேகையே இல்லை என்றால் யாரும் தொடவே இல்லை என்று அர்த்தம். போய் நின்று பார்த்தால், பலகையில் பத்து வரி எழுதி வைத்திருக்கிறோம், பிள்ளைகள் முதல் வரியைக்கூடப் படிக்காமல் ஓடுகிறார்கள். அதோடு பொத்தான் சாம்பல் நிறம், பெட்டியும் சாம்பல் நிறம். பலகையை இரண்டு வரியாக்கி, பொத்தானை மஞ்சளாக மாற்றி, பெட்டியை ஒரு சாண் கீழே இறக்கினோம். மறுவாரம் அக்கா, “இப்போ துடைச்சு மாளல” என்று அலுத்துக்கொண்டார். எந்தக் கருவிக்குக் கூட்டம், எந்தக் கருவி செத்துக் கிடக்கிறது என்று எங்கள் அலுவலகத்துக்கு முன்னால் தெரிந்துகொள்பவர் அவர்தான், நான் இன்றைக்கும் மாதம் ஒருமுறை அவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது முடி நிற்கும் உருண்டை. வான் டி கிராஃப் மின்னாக்கி. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வான் டி கிராஃப் 1929இல் முதலில் செய்துகாட்டியது. உள்ளே ஒரு ரப்பர் பெல்ட் ஓடி மின்னேற்றத்தை மேலே உலோக உருண்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும், மின்னழுத்தம் லட்சக்கணக்கான வோல்ட் வரை போகும், ஆனால் மின்னோட்டம் ரொம்பச் சொற்பம். பிளாஸ்டிக் முக்காலியில் நின்று உருண்டையில் கை வைத்தால் முடி விறைத்து நிற்கும். எல்லாருக்கும் அது பிடிக்கும், எங்களுக்கு அது தலைவலி. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி. ஈரம் படிந்தால் மின்னேற்றம் நிற்காமல் கசிந்துவிடும். மத்தியானம் மழை கொட்டி, நாற்பது பிள்ளைகள் நனைந்த சட்டையோடு உள்ளே வந்தால் அந்த உருண்டை அநேகமாகச் செத்தது. காட்சிக்குப் பத்து நிமிடம் முன்னால் திரைக்குப் பின்னால் ஒருவர் முடி உலர்த்தும் இயந்திரத்தை வைத்துப் பெல்ட்டுக்கும் தூணுக்கும் சூடான காற்று அடித்துக்கொண்டிருப்பார். சலூன் கடை மாதிரி இருக்கும்.

இதில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வந்தால் இன்னொரு கதை. தேங்காய் எண்ணெய் தடவி இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டி வந்திருப்பார்கள். எண்ணெய் தடவிய முடி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும், தனித்தனியாக விலகி எழும்பாது. ஒரு பாப்பா ஆசையாக முன்னால் வந்து நின்றது, ஒரு முடிகூட அசையவில்லை, பின்னாலிருந்து சிரிப்பு. எங்கள் விளக்குநர் பெண் சட்டென்று மெல்லிய காகிதத்தை ரிப்பனாகக் கிழித்து அந்தப் பிள்ளையின் சடையில் செருகிவிட்டாள். காகிதமெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. “உன் முடி ஏன் நிக்கல, இது ஏன் நிக்குது?” என்று தமிழிலேயே கேட்டாள். பலகைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கின்றன, ஒன்றாம் ஆண்டு இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்து விழிப்பார்கள். தன் மொழியில் கேள்வி வந்ததும் அந்தக் கும்பலே பேச ஆரம்பித்தது. எண்ணெய் என்ற பதிலைப் பின்வரிசைப் பையன் ஒருவன்தான் சொன்னான்.

சரி, இங்கே ஒரு பாதுகாப்புச் சங்கதி. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த உருண்டைப் பக்கமோ பெரிய காந்தங்கள் பக்கமோ போகக்கூடாது. அடுக்கடுக்காகக் கண்சிமிட்டும் விளக்குகள் சிலருக்கு வலிப்பைத் தூண்டும். வாசலில் எழுதித்தான் வைத்திருக்கிறோம், ஆனால் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் தாத்தா அதைப் படிப்பதில்லை. விளக்குநர் கேட்டால், “நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று கோபித்துக்கொள்கிறார். தயவுசெய்து கூட்டிவரும் மகனோ மகளோ சொல்லிவிடுங்கள்.

விளக்குநர் என்றேனே, அவர்களைக் காவலாளி என்று நினைத்துவிடாதீர்கள். “தொடாதே, அண்ணன் பாரு, பிடிச்சிட்டுப் போயிடுவார்” என்று பிள்ளையை மிரட்டுகிற பெற்றோரை வாரத்துக்கு நாலு பேரையாவது பார்க்கிறேன். தொடுவதற்கென்றே கட்டிய இடத்தில்! அந்த அண்ணன் கல்லூரி மாணவனாக இருப்பான், நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பான். பதிலைச் சொல்லாமல் பிள்ளையிடமிருந்து அடுத்த கேள்வியை வாங்குவதுதான் அவனுக்குக் கொடுத்த பயிற்சி. இந்த ஏற்பாட்டைப் பிரபலமாக்கியது சான் ஃபிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரட்டோரியம். 1969இல் அதைத் தொடங்கிய ஃபிராங்க் ஓப்பன்ஹைமர், முதல் அணுகுண்டை உருவாக்கிய லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தை நடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. அவரும் இயற்பியலாளர்தான். பழைய கம்யூனிஸ்ட் தொடர்பு காரணமாக 1949இல் பல்கலைக்கழக வேலை போய், கொலராடோவில் மாட்டுப் பண்ணை வைத்து, அப்புறம் அங்கேயே ஒரு பள்ளியில் பாடம் நடத்தியவர். அவருடைய கூடத்தில் பள்ளி, கல்லூரி மாணவர்களையே விளக்குநர்களாக வைத்தார். எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று: கருவிகள் செய்யும் பட்டறையை வருபவர்கள் கண்ணில் படும்படியே வைத்திருந்தார். வெல்டிங், அறுப்பது, கழற்றிப் போட்டுத் தலையைச் சொறிவது, எல்லாம் தெரியும்.

எங்கள் பட்டறைக்கு ஜன்னல் இல்லை. இருந்திருந்தால் அந்தக் கைப்பிடி குழாய்ப் பெட்டிக்குப் போயிருக்காது என்று எனக்கு ஒரு எண்ணம்.

இருந்திருந்தால் என்ன பார்த்திருப்பீர்கள்? ஒரு கருவி முதலில் அட்டைப்பெட்டியிலும் ஒட்டுப் பலகையிலும் பிறக்கிறது, கேபிள் டை போட்டுக் கட்டியிருப்போம், பார்க்கச் சகிக்காது. அதை ஒரு சனிக்கிழமை கூடத்தில் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் நிற்கவேண்டும். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம். ஒருமுறை சிவப்பு மூடி போட்ட ஸ்க்ரூக்களை அழகுக்காக வைத்தேன். வந்த பிள்ளைகள் எல்லாம் நிஜப் பொத்தானை விட்டுவிட்டு அந்த ஸ்க்ரூக்களையே அமுக்கிக்கொண்டிருந்தார்கள். இடுக்குகளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்: ஒன்று, விரலே நுழையக்கூடாது. இல்லையென்றால் முழுக்கையும் தாராளமாகப் போய்வரவேண்டும். நடுவில் எந்த அளவு வைத்தாலும் ஏதாவது ஒரு பிள்ளை மாட்டிக்கொள்ளும். காற்றில் பந்து மிதக்கும் கருவியின் வடிகட்டியில் வாராவாரம் கை நிறையத் தலைமுடியும் டிஷ்யூத் தாளும் எடுக்கிறோம், பந்து வீட்டுக்குப் போய்விடுவது தனிக் கணக்கு. உதிரி பாகம் தீர்ந்தால் ஜாலான் பாசார் கடைகளுக்கு நான்தான் ஓடவேண்டும். வெளிநாட்டில் செய்த கருவி என்றால் அந்த அளவு ஸ்விட்ச் இங்கே கிடைக்காது, கிடைப்பதற்கு ஏற்றபடி பெட்டியை அறுத்துத் திருத்துவோம்.

‘ரோசாக்’, அதாவது மலாயில் ‘பழுது’, என்று அட்டை மாட்டியிருந்தால் யாரோ சோம்பேறியாக இருக்கிறார்கள் என்று முகம் சுளிக்கிறார்கள். அந்த அட்டை தொங்கினால், யாரோ சொல்லியிருக்கிறார்கள், நாங்கள் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். அட்டை இல்லாமல் பழுதாகிக் கிடப்பதைக் கண்டுதான் நான் பயப்படுவேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சித் தாளில் இருபது கேள்வி கொடுத்து அனுப்பாதீர்கள். பிள்ளைகள் பலகையில் இருப்பதைக் காப்பியடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், கருவியைத் தொடுவதே இல்லை. மூன்று கேள்வி போதும்.

பிள்ளை இந்த வேலைக்கு வர என்ன படிக்கவேண்டும் என்று கேட்கும் பெற்றோரும் இருக்கிறார்கள், குறைவு, ஆனால் இருக்கிறார்கள். எங்கள் பட்டறையில் பட்டதாரியும் உண்டு, தொழிற்கல்லூரியில் எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ் எடுத்த வெல்டரும் உண்டு. கருவி நகராமல் நின்றுவிட்டால் எல்லாரும் முதலில் கூப்பிடுவது வெல்டரைத்தான்.

போன விடுமுறையில் பட்டறைக் கதவை யாரோ தட்டினார்கள். ஒரு பாப்பா, எட்டு ஒன்பது வயது இருக்கும். பின்னால் அப்பா, “வாம்மா, யாரும் பார்க்கல, போலாம்” என்று தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

“அங்கிள், நான்தான் சுத்தினேன். டக்குன்னு சத்தம் வந்துச்சு, இப்போ லைட் எரியல.”

கூட்டிக்கொண்டு போய் உடைந்த பித்தளைத் துண்டைத் தட்டி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன், புதுப் பின்னை அவளையே செருகச் சொன்னேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது உடையலன்னா எது உடைஞ்சிருக்கும்?” என்றாள். பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பல்சக்கரத்தைக் காட்டினேன். அப்பாவும் குனிந்து பார்த்தார், அவருக்குத்தான் கேள்வி அதிகம் இருந்தது.

மறுநாள் அதே பின் மறுபடி உடைந்தது. வேறு பிள்ளை.