தூசு காட்டிக்கொடுக்கும் விண்மீன்

மாலையில் சூரியன் அடிவானத்தை நெருங்கும்போது, போலராய்டு குளிர்க்கண்ணாடி வழியே உச்சி வானத்தைப் பார்த்தபடி அதை மெல்லச் சுழற்றினால், நீலம் ஒரு நிலையில் கருத்தும் மறுநிலையில் வெளுத்தும் தோன்றும். ஒளியின் மின்புலம் அது செல்லும் திசைக்குச் செங்குத்தாக எப்பக்கமும் அதிரக்கூடியது. ஆனால் காற்று மூலக்கூறுகளில் பட்டு ஏறத்தாழ 90 பாகை திரும்பி வரும் ஒளியில், சூரியனும் மூலக்கூறும் நம் கண்ணும் அமைந்த தளத்திற்குச் செங்குத்தான அதிர்வே மேலோங்கி நிற்கிறது. இதுவே தளவிளைவு.

சுமார் 1,350 ஒளியாண்டுத் தொலைவில், ஓரியன் நெபுலாவுக்குப் பின்னால் உள்ள மூலக்கூறு மேகத்தில் இதே வேலையைத் தூசுத்துகள்கள் செய்கின்றன. சிலிக்கேட்டும் கார்பனும் கொண்ட இவற்றில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. அங்கே பிறக்கும் விண்மீன் அடர்தூசுக்குள் புதைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனினும் அதன் அகச்சிவப்பு ஒளி, தூசு மெலிந்த பக்கமாக வெளியேறி, சுற்றியுள்ள துகள்களில் சிதறி நம்மை நோக்கித் திரும்புகிறது. இடத்துக்கு இடம் அளந்த தளவிளைவுத் திசையைச் சிறு கோடுகளாக வரைந்தால், அவை வட்டம் கட்டி நிற்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு செங்குத்து வரையுங்கள்: அவை கூடும் இடத்தில்தான் விண்மீன் ஒளிந்திருக்கிறது. பள்ளிக்கூட வடிவியலுக்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

ஒளி ஒரே முறை சிதறினால்தான் கணக்கு இத்தனை எளிது. மேலும், தளவிளைவுக்குச் சிதறல் மட்டுமே காரணமல்ல. நீண்ட வடிவத் துகள்கள், காந்தப்புலத்துக்குக் குறுக்காக நீளவாக்கு அமையும்படி வரிசைப்படுகின்றன. அவற்றை ஊடுருவி வரும் ஒளியும் தளவிளைவு பெறுகிறது. வெப்ப விண்மீன்களின் விளிம்பு ஒளி தளவிளைவுற்றிருக்கும் என்று சந்திரசேகர் 1946இல் கணித்ததைச் சோதிக்கப் புறப்பட்ட வானியலாளர்கள் ஹில்ட்னரும் ஹாலும், 1949இல் கண்டது விண்மீன்களுக்கு இடையிலுள்ள இத்தகைய தூசின் விளைவைத்தான். தேடியது ஒன்று, கிடைத்தது வேறு.

ஏற்கெனவே தளவிளைவுற்ற ஒளி இப்படி வரிசைப்பட்ட துகள்களிடையே மறுபடி சிதறினாலோ ஊடுருவினாலோ, அதன் மின்புலம் திருகுபோலச் சுழன்றபடி வரத் தொடங்கும். 1998இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த ஓரியன் மேகத்தின் அகச்சிவப்பு ஒளியில் 17 விழுக்காடு வரை அத்தகைய வட்டத் தளவிளைவைக் கண்டது. அமினோ அமிலங்கள் இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் அமையலாம்; உயிரினங்களின் புரதங்கள் அவற்றின் இடக்கை வடிவத்தையே கொண்டிருப்பதற்கு இத்தகைய ஒளி வித்திட்டிருக்கலாம் என்ற கருதுகோள் கவர்ச்சியானதே. ஆனால் ஒரு கை வடிவத்தை மட்டும் அதிகமாகச் சிதைக்கப் புறஊதா ஒளி வேண்டும். அந்த மேகத்தின் தூசோ அதை வெளியே விடுவதில்லை.