கேட் போட்டுட்டாங்க சார்

பள்ளிக்கூடம் போன வருஷங்களில் எங்கள் காலை நேரம் வடசென்னையில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டின் கையில் இருந்தது. கூட்ஸ் வண்டி வந்தால் கேட் போடுவார்கள். வண்டி முழுசாகப் போய்விட்டால் பரவாயில்லை. பல நாள் பாதி தாண்டியதும் நின்றுவிடும். அப்புறம் எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. மீன் கூடை வைத்திருக்கும் அம்மாக்கள், தண்ணீர் கேன் அடுக்கிய மூன்று சக்கர வண்டி, ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் என்று எல்லோரும் நிற்போம். அவசரக்காரர்கள் பெட்டிக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போவார்கள். அதைச் செய்யவே கூடாது என்று என் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அதனால் வாரத்துக்கு இரண்டு நாளாவது நான் லேட்.

லேட்டாக வந்தவர்களை வாசலில் முட்டி போட வைப்பார்கள். "கேட் போட்டுட்டாங்க சார்" என்போம். "தினமும் இதே கதை. உங்க ஏரியா பசங்களே இப்படித்தான்டா" என்பார் ஆசிரியர். காரில் வந்து இறங்கும் பையன் ஒருவன் இருந்தான். அவன் லேட்டாக வந்தால், அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவரே கேட்பார்: "என்னப்பா, டிராஃபிக்கா?"

அவர் கெட்டவர் இல்லை. வருஷக் கடைசியில் தன் கைக்காசில் எங்களுக்கு நோட்டு வாங்கித் தந்தவர்தான். அவர் மனதுக்குள் ஓடியது எல்லோர் மனதுக்குள்ளும் ஓடுவதுதான். அது எப்படி ஓடுகிறது என்பதை உளவியல் கிட்டத்தட்ட அறுபது வருஷமாகப் பிரித்துப் பார்த்துவருகிறது.

1977இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லீ ராஸும் இரண்டு சகாக்களும் ஒரு வினாடி வினா நடத்தினார்கள். யார் கேள்வி கேட்பது, யார் பதில் சொல்வது என்பதைக் குலுக்கல் மாதிரி எல்லோர் கண் முன்னாலும் முடிவு செய்தார்கள். கேள்வி கேட்பவர் தனக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்களிலிருந்து கஷ்டமான கேள்விகளைத் தயாரிக்கலாம். எதிரில் இருப்பவர் திணறத்தான் செய்வார். இடத்தை மாற்றி உட்கார்ந்திருந்தால் கேள்வி கேட்டவர் திணறியிருப்பார், இது பார்த்தவர்களுக்கும் தெரியும். ஆனாலும் இருவரின் பொது அறிவையும் மதிப்பிடச் சொன்னபோது, கேள்வி கேட்டவரையே பெரிய அறிவாளி என்றார்கள். பதில் சொல்லத் திணறியவரும் அப்படியேதான் நினைத்தார். நாற்காலி செய்த வேலை, அதில் உட்கார்ந்தவரின் குணமாகிவிட்டது. ஒருவர் செய்வதற்கு அவருடைய சூழலைவிட அவருடைய குணத்தையே காரணமாகக் காணும் இந்தப் பழக்கத்துக்கு ராஸ் 'அடிப்படைக் காரணங்காட்டல் பிழை' என்கிற பொருளில் ஒரு பெயர் வைத்தார்.

ஏன் இப்படி நடக்கிறது? ஆள் கண்ணுக்குத் தெரிகிறார். வகுப்பு வாசலில் வியர்த்து நிற்கிறார். கேட் அங்கே இல்லை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நம் மனம் கண் முன்னால் இருப்பதை வைத்துத்தான் காரணம் கட்டும். ஆனால் நாமே லேட்டாக வரும்போது, நாம் பார்த்துக்கொண்டு வந்தது ரோட்டைத்தான், நம் முகத்தை இல்லை. அதனால் நமக்கு ரோடு காரணமாகிறது, அடுத்தவனுக்கு அவன் சோம்பல் காரணமாகிறது.

இந்தியர்கள் இதில் கொஞ்சம் வித்தியாசப்பட்டவர்கள் என்பதற்கும் ஆதாரம் உண்டு. ஜோன் மில்லர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், மைசூரில் இருந்த பெரியவர்கள் அமெரிக்கப் பெரியவர்களைவிட அதிகமாகச் சூழலைக் காரணமாகச் சொன்னார்கள். "அவன் நேரம் சரியில்லை", "வீட்டு நிலைமை அப்படி" என்றெல்லாம் சொல்லிப் பழகியவர்கள்தானே நாம்? எனக்குத் தோன்றுவது இது: அந்தக் கண் நம்மிடம் இருக்கிறது, ஆனால் நம் ஆட்கள் என்று நினைப்பவர்களுக்காக மட்டும் அதைத் திறக்கிறோம். சொந்தக்காரப் பையனுக்கு வேலை போனால் மார்க்கெட் டல். வியாசர்பாடிப் பையனுக்கு வேலை போனால் ஒழுங்கில்லாதவன்.

இன்னொரு இயந்திரமும் உள்ளே ஓடுகிறது, எனக்கு அதிக வருத்தம் தருவது அதுதான். 1966இல் மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் மாணவிகளை ஒரு பெண் மின் அதிர்ச்சி வாங்குவதைப் பார்க்கவைத்தார்கள். அதிர்ச்சி உண்மையானது இல்லை, நடிப்பு. அதை நிறுத்தும் வாய்ப்புக் கிடைத்தவர்களில் பெரும்பாலானோர் நிறுத்தவே விரும்பினார்கள். வாய்ப்பு இல்லாமல், இது தொடரும் என்று தெரிந்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணையே மட்டமாகப் பேச ஆரம்பித்தார்கள். உலகம் நியாயமாக நடக்கிறது என்று நம்பத்தான் நமக்கு ஆசை. ஒருத்தி காரணமே இல்லாமல் கஷ்டப்படுகிறாள் என்றால் நாளைக்கு எனக்கும் அது நடக்கலாமே. அந்தப் பயத்தைத் தாங்குவதைவிட, அவள் ஏதோ தப்பு செய்திருப்பாள் என்று நினைப்பது மனதுக்குச் சுலபம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெயும் பரவியது. வலையும் படகும் கறுப்பாகின. அதே மாதக் கடைசியில் அமோனியா கசிந்து, ராத்திரியோடு ராத்திரியாக ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அப்போது என்னோடு வேலை செய்த ஒருவர் கேட்டார்: "இவ்வளவு நடக்குதுன்னு தெரிஞ்சும் ஏன் அங்கேயே இருக்காங்க?" அந்த மீனவக் குப்பங்கள் அனல்மின் நிலையத்துக்கும் ஆலைகளுக்கும் முன்பிருந்தே அங்கே இருப்பவை. நகரத்துக்கு மின்சாரமும் பெட்ரோலும் அந்தப் பக்கமிருந்து வருகின்றன. நகரத்தின் குப்பை கொடுங்கையூருக்கு வருகிறது. அவர் கேள்வியில் இது எதுவும் இல்லை, இருக்கிறவர்களின் பிடிவாதம் மட்டும்தான் இருந்தது.

முகவரிக்கே ஒரு குணம் ஒட்டிக்கொள்வது இந்த ஊரில் பழைய கதை. கோட்டைக்கு வடக்கே இருந்த பகுதியை ஆங்கிலேயர்கள் கறுப்பர் நகரம் என்றே வரைபடத்தில் போட்டார்கள். 1911இல்தான் அது ஜார்ஜ் டவுன் ஆனது. முகவரி என்ன செய்யும் என்பதை ஜான் டார்லியும் பேஜெட் கிராஸும் 1983இல் ஒரு வீடியோவை வைத்துக் காட்டினார்கள். ஹன்னா என்ற சிறுமி. சிலருக்கு அவள் வசதியான பகுதியில் இருப்பதாகக் காட்டினார்கள், சிலருக்கு ஏழைப் பகுதியில். அதோடு நிறுத்தியபோது அவள் படிப்பைப் பற்றிக் கேட்டால், இரு தரப்பும் பெரிதாக வித்தியாசப்படவில்லை. வீட்டைப் பார்த்து ஆளை எடைபோடுவது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்து, அவள் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் காட்சியைக் காட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே காட்சி, சரியும் தப்பும் கலந்த பதில்கள். அதைப் பார்த்த பிறகுதான் பிளவு வந்தது. வசதியான ஹன்னா வகுப்புக்கு மேலான கெட்டிக்காரி, ஏழை ஹன்னா வகுப்புக்குக் கீழே. அதாவது ஆதாரம் கையில் வந்ததும் சந்தேகம் குறையவில்லை, கூடியது. முகவரி சொன்னதை உறுதிப்படுத்தும் துண்டுகளை மட்டும் ஒவ்வொருவரும் பொறுக்கிக்கொண்டார்கள்.

முதல் வேலைக்கான நேர்காணலில் எனக்கு நடந்தது இதுதான் என்று இந்த ஆய்வைப் படித்த அன்று புரிந்தது. பதில்கள் நன்றாகவே போய்க்கொண்டிருந்தன. வீடு எங்கே என்று கேட்டார்கள். சொன்னேன். அதற்கப்புறம் நான் யோசிக்க எடுத்துக்கொண்ட ஒவ்வொரு நொடியும் தெரியாமல் முழிப்பதாக ஆகிவிட்டது. அடுத்த நேர்காணலில் பெரம்பூர் என்று சொன்னேன். அதைச் சொன்னதற்கு இன்றுவரை மனசு உறுத்துகிறது.

சரி, "குடிச்சே அழியறாங்க" என்று எங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றிச் சொல்லும் பேச்சுக்கு வருவோம். இதற்குச் சென்னையிலேயே ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. ஃபிராங்க் ஷில்பாக் என்ற பொருளியலாளர் இங்கே சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் 229 பேரோடு மூன்று வாரம் வேலை செய்தார். பகலில் குடிக்காமல் வந்தால் கூடுதல் பணம் என்று சிலருக்கு ஏற்பாடு. இன்னும் சிலரிடம் ஒரு தேர்வு: சும்மாவே கிடைக்கும் அதிகப் பணம் வேண்டுமா, குடிக்காமல் வந்தால் மட்டும் கிடைக்கும் குறைந்த பணம் வேண்டுமா? கணிசமான பேர் இரண்டாவதை எடுத்தார்கள். கையில் வரக்கூடிய காசை விட்டுக்கொடுத்து, குடிக்காமல் இருக்கத் தங்களைத் தாங்களே கட்டிப்போட்டுக்கொண்டார்கள். பகலில் குடிப்பது குறைந்ததும் அவர்கள் சேமிப்பு சுமார் பாதி அளவு கூடியது. நாள் முழுக்க வெயிலில் பாரம் மிதித்தவன் உடம்பு வலிக்குக் குடிக்கிறான் என்பதை அவர்கள் வீட்டுப் பெண்கள் ஆய்வு இல்லாமலே சொல்வார்கள். அந்தக் குடியால் அடி வாங்குவதும் அவர்கள்தான், அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விடவே மனசில்லாதவன் என்ற தீர்ப்பு மட்டும் அந்த 229 பேரிடம் நிற்கவில்லை.

தூக்கத்தைப் பற்றியும் இதே ஊரில் அளந்தார்கள். வருமானம் குறைந்தவர்களின் மணிக்கட்டில் வாட்ச் மாதிரி ஒரு கருவியைக் கட்டி, வீட்டில் எவ்வளவு தூங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். 2021இல் வெளியான முடிவு: படுக்கையில் இருப்பது சுமார் எட்டு மணி நேரம், தூங்குவது ஐந்தரை மணி நேரம். புழுக்கம், கொசு, சத்தம், ஒரே அறையில் ஐந்தாறு பேர். இரவில் கண்ணை மூடுவதும் எழுவதுமாகவே போகிறது. கண்ணை மூடும் பட்டை, காதடைப்பான், மின்விசிறி எல்லாம் கொடுத்ததில் சுமார் அரை மணி நேரம் தூக்கம் கூடியதே தவிர, வேலையில் பெரிய மாற்றம் இல்லை. வேலை இடத்திலேயே மத்தியானம் அமைதியாக ஒரு குட்டித் தூக்கம் போட விட்டதுதான் பலன் தந்தது. விட்டு விட்டு வரும் கோழித் தூக்கத்தின் கணக்கு வேறு, அசந்து தூங்கும் தூக்கத்தின் கணக்கு வேறு. எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் விடியற்காலையில் வரும். நாலு மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே குந்தியபடி என் அம்மா தூங்கியதை நான் பார்த்திருக்கிறேன். பகலில் வேலை பார்த்த வீட்டில் கண் அசந்தால் "தூங்கிவழியறா" என்பார்கள்.

பணம் இல்லாதவர்களுக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது என்பது இன்னொரு பேச்சு. எங்கள் பக்கம் தண்டல் வாங்குவார்கள். பத்தாயிரம் கேட்டால் பிடித்தம் போக 8,500 கையில் வரும், தினம் 100 ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். இது அந்த இட்லிக்கடை அக்காவுக்குத் தெரியாதா? தெரியும். நாளைக்கு அரிசியும் உளுந்தும் வாங்கக் காசு வேண்டும், எந்தப் பேங்கும் நாளைக்குள் தராது.

இந்த மாதிரிக் கணக்குகள் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் நால்வரும் தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளிடம் இதைப் பார்த்தார்கள். அறுவடைக்கு முன் கையில் காசில்லை, அறுவடை முடிந்தால் காசு உண்டு. அதே ஆட்கள், அதே விதமான புதிர்ச் சோதனை. காசு வந்த பிறகு அதே மனிதர்கள் தெளிவாகச் செய்தார்கள். 2013இல் வந்த இந்த முடிவை எல்லோரும் அப்படியே ஏற்கவில்லை. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த இன்னொரு ஆய்வில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளர்களுக்குக் கூலியில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தபோது, கடன் அடைத்த கையோடு அவர்கள் வேகமாகவும் தப்புக் குறைவாகவும் தைத்தார்கள். கவலை இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதைப் புத்திக் குறைவு என்று படிப்பவர் தப்பாகப் படிக்கிறார்.

பார்க்கிறவர்கள் எண்ணம் பார்க்கப்படுகிறவனுக்குள் இறங்கிவிடும் என்பதற்குக் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேச கிராமங்களில் செய்த சோதனை சாட்சி. ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குச் சிக்கல் வழிப் புதிர்கள், சரியாகச் செய்தால் காசு. சாதியைச் சொல்லாதபோது தலித் பையன்களும் மற்றவர்களும் ஏறக்குறைய சமமாகச் செய்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் பெயரையும் சாதியையும் சத்தமாக வாசித்த பிறகு தலித் பையன்களின் கணக்குச் சரிந்தது. புதிர் மாறவில்லை, பையனும் மாறவில்லை. வடசென்னையில் முகவரி என்று சொல்வதில் பாதி சாதிதான் என்பதால் இதை இங்கே சொல்லாமல் போக முடியாது.

கடைசியாக ஒரு மூளைப் படம். பிரின்ஸ்டனில் லசானா ஹாரிஸும் சூசன் ஃபிஸ்க்கும் 2006இல் பலவித மனிதர்களின் படங்களை ஸ்கேன் கருவிக்குள் இருந்தவர்களுக்குக் காட்டினார்கள். இன்னொரு மனிதரைப் பற்றி நினைக்கும்போது வழக்கமாக வேலை செய்யும் ஒரு பகுதி, நெற்றிக்குப் பின்னால் நடுவில் இருக்கிறது. வீடில்லாதவர்களின் படம் வந்தபோது அது அந்த அளவுக்கு எழும்பவில்லை. சில பேரை மட்டும் வைத்துச் செய்த சின்னச் சோதனைதான், இதை வைத்துப் பெரிதாகத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் பிற்பாடு அவர்கள் ஒரு கேள்வியைச் சேர்த்தார்கள்: இவருக்கு இந்தக் காய்கறி பிடிக்குமா? அதை யோசிக்கச் சொன்னதும் அந்தப் பகுதி விழித்துக்கொண்டது. கத்தரிக்காய் பிடிக்குமா, கேரட் பிடிக்குமா என்ற அளவு கேள்வி போதுமாக இருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குப் புதிதாக ஒரு கணக்கு டீச்சர் வந்தார். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, ஒரு திங்கட்கிழமை, கேட்டுக்கு இந்தப் பக்கம் எங்களோடு அவரும் ஸ்கூட்டியை ஆஃப் செய்துவிட்டு நின்றார். வண்டி பாதியில் நின்றுவிட்டது. "தினமும் இப்படித்தானா?" என்று கேட்டார். "வாரத்துல ரெண்டு நாள் டீச்சர்" என்றோம். எந்தெந்தக் கிழமை, எவ்வளவு நேரம், எத்தனை பேர் இந்தப் பக்கமிருந்து வருகிறீர்கள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று அவரும் லேட்டாகத்தான் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாளிலிருந்து எங்கள் வகுப்புக்கு அட்டெண்டன்ஸ் இரண்டாவது பீரியடில், அவர் வகுப்பில் எடுத்தார்கள்.