பைனாகுலர்ல 8×42னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு?

காலைல கிளம்பி சாயங்காலம் திரும்புற மாதிரி பறவை பாக்கப் போறோம், பையில என்ன எடுத்து வைக்கணும்னு கேட்டா நான் முதல்ல சொல்றது பைனாகுலர்தான். ஆனா கடையில "எத்தனை மடங்கு பெருசா காட்டும்"னு மட்டும் கேட்டுட்டு 12×25 வாங்கிடாதீங்க, ப்ளீஸ்.

8×42ல 8ங்கிறது எத்தனை மடங்குன்னு சொல்லுது, 40 மீட்டர் தள்ளி உக்காந்திருக்கிற குருவி 5 மீட்டர்ல இருக்கிற மாதிரி தெரியும். 42ங்கிறது முன்பக்க லென்ஸோட விட்டம், மில்லிமீட்டர்ல. இப்போ 42ஐ 8ஆல வகுங்க, 5.25 வருதா, அவ்வளவு மில்லிமீட்டர் அகலத்துலதான் வெளிச்சம் உங்க கண்ணுக்கு வந்து சேருது. பைனாகுலரை வானத்துப் பக்கமா நீட்டிப் பிடிச்சு கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தீங்கன்னா அந்த வெளிச்ச வட்டம் நேராவே தெரியும்.

நம்ம கண்ணோட பாப்பா உச்சி வெயில்ல 2, 3 மில்லிமீட்டருக்கு சுருங்கிடும், அப்போ எந்த பைனாகுலரும் ஓகேதான். ஆனா விடியக்காலைல நீலகிரி சோலைக்குள்ள நிக்கிறப்போ, மேல கிளைங்க பின்னிக்கிட்டு கீழ ஒரே இருட்டா இருக்கும், பாப்பா 5 மில்லிமீட்டருக்கு மேலயும் விரியும், அந்த நேரம் பாத்து கறுப்பும் ஆரஞ்சுமா இருக்கிற ஈப்பிடிப்பான் தாழ்வான புதர்ல வந்து உக்காரும், 12×25ல வர்ற 2 மில்லிமீட்டர் வெளிச்சத்துல வெறும் நிழல்தான் தெரியும், அந்த ஆரஞ்சைப் பாக்கத்தானே அவ்வளவு தூரம் போனோம்!

கை நடுக்கமும் அதே மடங்குல பெருசாகும். பாக்கிற பரப்பும் சின்னதாயிடும், குருவி எங்கன்னு தேடுறதுக்குள்ள அது பறந்துடும்.

ஊட்டில இருந்து மேட்டுப்பாளையம் இறங்குனதும் பைனாகுலரை வெளிய எடுக்காதீங்க. கண்ணாடி இன்னும் குளிர்ச்சியா இருக்கும், கீழ காத்துல ஈரம் ஜாஸ்தி, ஜில் மோர் டம்ளர் வேர்க்கிற மாதிரி லென்ஸும் வேர்த்துடும். அந்த ஈரம் தங்குனா பூஞ்சை பிடிக்கும், அதனால பையிலயே கொஞ்ச நேரம் கிடக்கட்டும், வீட்டுல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வைங்க.

மத்தபடி தண்ணி, தொப்பி, மழைக்காலம்னா அட்டைப்பூச்சி நுழைய முடியாத நெருக்கமான நெசவுத் துணில தைச்ச நீள சாக்ஸ். குறிப்பெழுத பேனா வேணாம், பென்சில் எடுத்துக்கோங்க, நனைஞ்சாலும் எழுத்து கரையாது.