சுழியத்தின் நடுவைத் தாங்கும் வலை

தகரத்தில் வெட்டிய எண்களை வைத்து மரப்பெட்டியில் பெயின்ட் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் 0 இரண்டு பாதியாகப் பிளந்தே இருக்கும். நடுவட்டத்தைப் பிடித்துக்கொள்ளத் தகரத்தில் ஒரு பாலம் விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் அது கழன்று விழுந்துவிடும். ஜப்பானில் கிமோனோ துணிக்கு ஸ்டென்சில் வெட்டியவர்கள், மெல்லிய பட்டு இழைகளால் அந்த நடுத்துண்டுகளைத் தாங்கினார்கள். வலை வழியாக மையை இறக்கி அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங்கிலும் உயிர்நாடி இந்த இழைதான்.

ஸ்கிரீன் என்பது சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய வலைத்துணி. முன்பு பட்டு, இப்போது பாலியெஸ்டர். அதன்மேல் எமல்ஷன் என்ற பசையைப் பூசிக் காயவைத்து, படம் கறுப்பாக உள்ள ஃபிலிமை ஒட்டி வைத்துப் புற ஊதா ஒளி காட்டுவார்கள். ஒளி பட்ட இடத்தில் பசையின் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும், அப்புறம் தண்ணீரில் கரையாது. கறுப்புக்குப் பின்னால் இருந்த பசை மட்டும் கழுவினால் போய்விடும். அங்கே வலைக்கண்கள் திறக்கும். தன்னந்தனியாக நிற்கும் புள்ளிக்கும் இனிப் பாலம் வேண்டாம்.

சரி, மை எப்படி இறங்குகிறது? அது கெட்டியானது, சும்மா இருந்தால் ஒழுகாது. குலுக்கியதும் தக்காளி சாஸ் இளகுகிறதே, அதுபோல ஸ்குவீஜி என்ற, மையைத் தள்ளும் கட்டையின் ரப்பர் அழுத்தி இழுக்கும்போது நொடிநேரம் இளகி இறங்கும். சட்டம் தாளுக்குச் சில மில்லிமீட்டர் மேலே நிற்கும். ரப்பருக்கு நேர்கீழே மட்டும் வலை தாளைத் தொட்டு, ரப்பர் நகர்ந்ததும் துள்ளி எழும். இழை மறைத்த இடங்களிலும் பக்கத்து மை பரவிச் சேர்வதால் வலைத்தடம் தெரியாது. அந்தத் தடித்த, சீரான நிறம் எனக்கு மிகவும் பிடிக்கும். கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால் முதலில் எழுத்தைத் தடவித்தான் பார்ப்பேன்.

ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன்.

1962 ஆகஸ்ட்டில் ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ இறந்தார். அதற்குப் பிறகு அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அவருடைய விளம்பரப் புகைப்படம் ஒன்றையே 50 முறை கான்வாஸில் பதித்தார். இடப்பக்கம் 25 முகங்கள் வண்ணத்தில், வலப்பக்கம் 25 கறுப்பு வெள்ளையில். இப்போது அது லண்டனில், டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. மை கூடினாலும் குறைந்தாலும் வலை காட்டிக்கொடுத்துவிடும். வலப்பக்கத்தில் ஓரிடத்தில் மை அப்பி முகமே இருண்டுபோயிருக்கிறது. வணிக அச்சகத்தில் கழித்துப் போட்டிருப்பார்கள், வார்ஹோல் அப்படியே விட்டார். வலது ஓரத்துக்குப் போகப் போக மை வெளிறி, மர்லினின் முகம் கான்வாஸோடு கரைந்துகொண்டே போகிறது.