முதல் ஏர் பிஸ்டல்: மணிக்கட்டில் தொடங்கும் கோணம்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றது முதல், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தம் மகளுக்குத் துப்பாக்கி சுடுதலில்தான் நாட்டமாம். முதல் பிஸ்டல் வேகம் கூடியதாக இருக்க வேண்டுமா, விலை கூடியதாக இருக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

வேகம் இங்கே பெரிய செய்தியே அல்ல. 4.5 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ அரை கிராம் எடையும் கொண்ட ஈயக்குண்டு நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போனாலே போதும். அதன் ஆற்றல் 6 ஜூல் அளவைக்கூட எட்டாது. துப்பாக்கி 1500 கிராமைத் தாண்டக்கூடாது, டிரிகர் 500 கிராமுக்குக் குறைந்த அழுத்தத்தில் விடுபடக்கூடாது என்பவை போட்டி விதிகள். கவனிக்க வேண்டியது கோணத்தை.

களக்காட்டுப் பக்கம் வாழைக்கன்று நட வரிசை பிடிப்பவர், இரண்டு குச்சிகளை ஊன்றி ஒரு கண்ணால் நேர் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குச்சிகள் அருகருகே இருந்து ஒன்று விரலளவு விலகினால், தோட்டத்தின் மறுகோடியில் வரிசை முழக்கணக்கில் கோணிவிடும். பிஸ்டலில் குறிபார்க்க இரண்டு சைட்டுகள் உண்டு: கண்ணுக்கு அருகே பள்ளமுள்ள பின்சைட், குழல் முனையில் முன்சைட். இரண்டுக்கும் இடையே சுமார் 32 சென்டிமீட்டர்தான். இலக்கோ 10 மீட்டர் தொலைவில் இருக்கிறது. எனவே பின்சைட்டின் பள்ளத்துக்குள் முன்சைட் 1 மில்லிமீட்டர் விலகி நின்றால், குண்டு 31 மில்லிமீட்டர் தள்ளிப் பாய்ந்து, பத்துப் புள்ளிக்குப் பதில் ஏழு புள்ளிதான் தரும். ஆனால் இரண்டு சைட்டுகளும் ஒன்றுக்கொன்று நேராக இருக்க, கை மொத்தமாக 5 மில்லிமீட்டர் நகர்ந்தால், குண்டும் அந்த 5 மில்லிமீட்டர்தான் நகரும். அப்போதும் பத்து கிடைக்கும், ஏனெனில் இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், குண்டின் விளிம்பு அதைத் தொட்டாலே கணக்கு. கண்ணை முன்சைட்டில் நிறுத்தி, இலக்கு மங்கலாகவே தெரியட்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்வதற்கு இதுவே காரணம். எத்தனை முறை கணக்கிட்டுப் பார்த்தாலும் எனக்கு இதன் அழகு குறைவதில்லை.

ஆகவே பிஸ்டலைத் தேர்ந்தெடுப்பது என்பது பெரிதும் கைப்பிடியைத் தேர்ந்தெடுப்பதுதான். கண்ணை மூடி, குண்டில்லாத பிஸ்டலை இலக்கை நோக்கி உயர்த்தி, மணிக்கட்டைத் தளர விட்டுக் கண்ணைத் திறக்க வேண்டும். முன்சைட் தானாகவே பள்ளத்தின் நடுவில் நின்றால் அந்தக் கைப்பிடி மகளுக்கு உரியது. மணிக்கட்டை முறுக்கித்தான் நேராக்க முடியுமென்றால், 75 நிமிடத்தில் 60 முறை சுடும்போது தசை களைத்து, கை தன் பழைய கோணத்துக்கே திரும்பிவிடும்.

பதக்கம் வென்றவரின் பழைய துப்பாக்கி ராசியானது என்று நம்பி வாங்குவோரைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அந்தக் கைப்பிடி அவருடைய உள்ளங்கைக்கு ஏற்ப அரம் போட்டு இழைக்கப்பட்டது. ராசி அதனுடன் வராது, அவருடைய கோணம்தான் வரும். அப்படியே பழையதை வாங்கினாலும், காற்று உருளையில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். பத்து ஆண்டுகளைக் கடந்த உருளையைப் போட்டியில் பயன்படுத்த முடியாது. கரியமில வாயுவில் இயங்கும் பழைய வகை நம் ஊருக்கு ஒத்துவராது: 20 பாகை செல்சியஸில் 57 பார் அளவுள்ள அதன் அழுத்தம் 30 பாகையில் 72 ஆகிவிடும், அக்னி நட்சத்திர வெயிலில் இன்னும் ஏறும், குண்டின் வேகமும் அதோடு மாறும். 200 பார் வரை அடைத்த காற்றை ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்துக்குக் குறைத்து அனுப்பும் ரெகுலேட்டர் உள்ள பிஸ்டலையே கேளுங்கள்.